கண் தெரியாத ஆள் அரைத்த மாட்டிறைச்சி வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

குருநகர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நேரே விசயத்துக்கு வருகிறேன். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பார்வை மெல்ல மெல்லப் போகிற விழித்திரை நோய், இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பிரித்துத் தெரியும். சமையல் பழகிய கை, அதில் பயமில்லை. சோறு, பருப்பு, மீன்குழம்பு, கணவாய்க்கறி எல்லாம் நானே வைப்பேன். மாட்டிறைச்சித் துண்டுக்கறி என்றாலும் குக்கரில் விசிலை எண்ணி இறக்கி, ஒரு துண்டை எடுத்து நசித்துப் பார்த்தால் வெந்ததா இல்லையா என்று விரலே சொல்லிவிடும்.

பிரச்சினை அரைத்த இறைச்சியில்தான். மகன் தரம் 7 படிக்கிறான், யூரியூப்பைப் பார்த்துவிட்டு பர்கர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நத்தாருக்கு ரோல்ஸும் கட்லட்டும் என் கையால் செய்ய வேண்டும் என்று எனக்கும் ஆசை, ஒவ்வொரு வருசமும் மச்சாள் வீட்டிலிருந்து வருவதைத் தின்றது போதும். ஆரைக் கேட்டாலும் "சிவப்புப் போய் மண்ணிறம் வந்தால் சரி" என்கிறார்கள். எனக்கு இரண்டு நிறமும் ஒன்றுதான். மாமி என்றால் "அரைச்ச இறைச்சியில மட்டும் கை வையாதை பிள்ளை, வயித்தால போனா ஆர் பாக்கிறது" என்று முடித்துவிட்டா. அதில் நியாயம் இருக்கிறதா, இல்லை வழக்கமான பயமா என்று எனக்கு விளங்கவில்லை.

நிறம் பார்க்காமல் வெந்ததை எப்படி நிச்சயப்படுத்துவது? பச்சை இறைச்சி தொட்ட கையை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் குசினி முழுக்கப் பூசாமல் எப்படிச் சமாளிப்பது? கண் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள், பகலில் வீட்டில் நான் தனி.

சுன்னாகத்தான்:

தங்கச்சி, நான் பிறவியிலேயே பார்வையில்லாத ஆள், மனிசி வேலைக்குப் போகிறா, மத்தியானச் சமையல் என்னுடையது. அரைத்த இறைச்சிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதல் விசயம், சூடான தாச்சியில் இறைச்சியைப் போடாதீர்கள். அடுப்பு மூட்டாமல் தாச்சியை வைத்து, இறைச்சியை அதற்குள் கொட்டி, கையாலேயே நன்றாக உதிர்த்து அடி முழுவதும் பரப்புங்கள். எங்கே கட்டியாக இருக்கிறது, எங்கே மெல்லிசாக இருக்கிறது என்பதெல்லாம் அப்போதே கைக்குத் தெரிந்துவிடும், சுடுமே என்ற அவசரமும் இல்லை. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டுங்கள். காஸ் அடுப்பின் திருகை இறைச்சிக் கையால் தொடவேண்டிய தேவையே வராது. பக்கம் உயர்ந்த சட்டி என்றால் இன்னும் நல்லது, கிளறும்போது வெளியே சிந்தாது.

அப்புறம் காதைக் கொடுங்கள். சூடேறியதும் இறைச்சி தன் தண்ணீரை விடும், அப்போது கேட்பது தடித்த ஈரச் சத்தம், கொதகொதவென்று. அந்த நேரம் முழுக்கக் கட்டிகளை உடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். மரக்கரண்டியை விட உருளைக்கிழங்கு மசிக்கிற கட்டை நூறு மடங்கு நல்லது, நேரே கீழே அமத்தினால் கட்டி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தட்டுப்படும். பச்சையாக இருக்கும்வரை கரண்டியில் பசைபோல் ஒட்டி இழுக்கும், வேக வேக ஒட்டுவது விட்டு மணல்மணலாக உருளத் தொடங்கும். தண்ணீர் வற்றும்போது சத்தம் மெலிந்து கூராகி, கடைசியில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடக்கும். அந்தச் சத்தம் வந்தால் தண்ணீர் கொதித்து முடிந்து கொழுப்பில் பொரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கட்டி இல்லாமல் உடைத்திருந்தால் அந்த இடத்தில் இறைச்சி எப்போதோ வெந்துவிட்டது. மணமும் மாறும், வெடுக்கு போய் பொரித்த வாசம் வரும். ஆனால் மணத்தை மட்டும் நம்பி இறக்காதீர்கள், கறித்தூள் போட்ட பிறகு மணத்தால் ஒன்றும் பிடிபடாது.

ரோல்ஸுக்கும் கட்லட்டுக்கும் இதுவே போதும். உள்ளே வைக்கிற கறி முதலே வெந்தது, உருளைக்கிழங்கும் அவித்தது, கடைசியில் எண்ணெயில் போடுவது மேல்தோல் மொறுமொறுக்கத்தான்.

ஸ்காபரோ பெரியம்மா:

தம்பி சொன்னது முழுக்கச் சரி. நான் ஒரு சேர்த்தி சொல்கிறேன், ஏனென்றால் ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் பல வருசம் நின்ற ஆள் நான்.

பிள்ளை, "மண்ணிறம் வந்தால் சரி" என்பது கண் தெரிகிறவர்களுக்கே பிழையான வழி. அமெரிக்க விவசாயத் திணைக்களம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: 4 ஹாம்பர்கரில் 1, பாதுகாப்பான சூடு வருவதற்கு முதலே உள்ளே மண்ணிறமாகிவிடும். மறுபக்கம், சிலது நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகவே கிடக்கும். உன்னுடைய மச்சாள் பிளந்து பார்த்து "வெந்துட்டுது" என்றால் அவவும் ஊகிக்கிறாதான். நம்பவேண்டியது சூட்டின் எண்ணிக்கையை. அரைத்த மாட்டிறைச்சிக்கு நடுவில் 71 பாகை செல்சியஸ், கனடாவிலும் அமெரிக்காவிலும் அதுதான் கணக்கு, பரன்ஹைட்டில் 160. இங்கிலாந்தில் 70 பாகையில் 2 நிமிடம் என்கிறார்கள்.

துண்டு இறைச்சிக்கும் இதற்கும் ஏன் வித்தியாசம் என்று மாமிக்கும் விளங்கப்படுத்து. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியில் போட்டவுடன் மேற்பரப்பு சுட்டுப்போகும். அரைக்கும்போது மேலே இருந்தது எல்லாம் உள்ளே போய்க் கலந்துவிடும், அப்போது நடுவும் சூடாக வேண்டும். ஈ.கோலை என்ற கிருமியில் ஓ157:எச்7 என்று ஒரு வகை இருக்கிறது, அது சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பிடிக்கும். 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பக்க மாநிலங்களில் அரைகுறையாக வெந்த ஹாம்பர்கர் தின்று 700க்கு மேற்பட்டவர்கள் நோயாகி, 4 பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சட்டங்கள் இறுகின. மாமியின் பயம் காரணமில்லாத பயம் இல்லை, ஆனால் அதற்கு மருந்து "கை வையாதை" இல்லை. கதைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கு. ஊசியைக் குத்தி பொத்தானை அமத்தினால் சூட்டை வாயாலேயே சொல்லும்.

வெறுங்கைச் சமையல்:

சும்மா பயங்காட்டாதீர்கள். எங்கள் அம்மா, அம்மம்மா எல்லாரும் எந்த வெப்பமானியை வைத்துச் சமைத்தார்கள்? நாங்கள் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறோம். கையாலும் நாக்காலும் தெரியாததை மெசின் சொல்லப்போகுதாம்.

ஸ்காபரோ பெரியம்மா:

உங்கள் அம்மம்மா பர்கர் சுட்டாவா? எங்கள் ஊரில் கொத்தின இறைச்சி என்றால் தேங்காய்ப்பால் விட்டு, ரம்பை, பெருஞ்சீரகம் எல்லாம் போட்டு, கொதிக்கவிட்டு வற்றவைக்கிற கறி. யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு கிடக்கிற தட்டை நிலம், அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், உதிர்ந்த இறைச்சி அந்தக் கொதியில் கிடந்தால் 71 என்ன, அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். அதனால்தான் அவவுக்கு வெப்பமானி தேவைப்படவில்லை. பர்கர் என்பது தடித்த வட்டம், வெளியே கருகினாலும் நடு பச்சையாக இருக்கலாம். சமையல் மாறினால் கவனமும் மாறத்தான் வேண்டும். நாக்கால் பார்ப்பது என்றால் பச்சையைத் தின்று பார்ப்பதுதானே, அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஐந்துசந்திப் பொடியன்:

அக்கா, சமைக்கிறதுக்கு முதல் வாங்குகிற கதையையும் ஆராவது சொல்லவேண்டும், அதுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு தரமாவது மாட்டிறைச்சி.

கடையில் கொத்தித் தரச் சொன்னால் கொத்தித் தருவார்கள், ஆனால் அந்தக் குற்றியில் காலையிலிருந்து எத்தனை இறைச்சி விழுந்தது என்று நமக்குத் தெரியாது. முடிந்தால் எலும்பில்லாத முழுத் துண்டாக வாங்கி வீட்டில் அரையுங்கள். மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற மெசின் உங்களுக்கு நல்லாகப் பொருந்தும், சுற்றுக்கத்திக்குக் கிட்டக் கை போகாது, கட்டையால் தள்ளினால் போதும். இறைச்சியைக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் கொஞ்ச நேரம் வைத்து இறுகவிட்டு அரைத்தால் வழுக்காது, நார் சிக்காது.

நேரம்தான் முக்கியம். பொதுவாக 2 மணித்தியாலத்துக்கு மேல் இறைச்சி வெளியே இருக்கக்கூடாது என்பார்கள், வெளிச்சூடு 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம்தான். சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்து வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சந்தைக்குப் போனால் மரக்கறி, மீன் எல்லாம் வாங்கி முடித்து, இறைச்சியைக் கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்கு வரவேண்டும், வழியில் கதைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. வெயிலில் கிடந்த இறைச்சியை "நல்லா வேகவைச்சால் சரி" என்று நினைப்பார்கள், அது பிழை. வேகவைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமி முதலே விட்டுவைத்த நஞ்சு கொதியிலும் அழியாது.

அரைத்ததை குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் 1 அல்லது 2 நாள் வைக்கலாம், அதற்கு மேல் என்றால் உறையவைக்கவேண்டும். தட்டையாக, ஒரு சமையலுக்குக் காணும் அளவாகப் பைகளில் போட்டால் கரையவும் கெதி. கரைக்கும்போது மேசையில் வைக்காதீர்கள், முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். கறண்ட் போனால் குளிர்ப்பெட்டியைத் திறக்காமல் விட்டால் 4 மணித்தியாலம் தாங்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாமல் கிடந்தபோது எங்கள் வீட்டில் இறைச்சி வாங்குவதையே நிறுத்தியிருந்தோம்.

இன்னொன்று, நம்மவர்கள் இறைச்சியைக் குழாயடியில் பிடித்துக் கழுவுவார்கள், அந்தத் தெறிப்புத்தான் குசினி முழுக்கக் கிருமியைப் பரப்புவது. கழுவாமல் மனம் கேட்கவில்லை என்றால் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அதற்குள் துண்டை அலசுங்கள், ஓடுகிற தண்ணீருக்குக் கீழே வேண்டாம். அரைத்ததைக் கழுவவே கூடாது.

குருநகர் மருமகள்:

எல்லாருக்கும் பெரிய உபகாரம். அண்ணை சொன்ன சத்தத்தை வாசிக்கும்போதே காதில் கேட்டது. மாமிக்கு 1993 கதையை வாசித்துக் காட்டினேன், "அமெரிக்காவில எல்லாம் அப்படித்தான்" என்கிறா, பரவாயில்லை.

கதைக்கிற வெப்பமானி இங்கே கடைகளில் கேட்டுப் பார்த்தேன், காய்ச்சல் பார்க்கிறதுதான் இருக்கிறது. இலக்கம் மட்டும் காட்டுகிற சாதாரண சமையல் வெப்பமானி கிடைக்கிறது. அதைப் போனைக் கொண்டு வாசிக்கலாமா? அப்புறம், பச்சை இறைச்சிக் கையோடு போனைத் தொடுவது எப்படி? எனக்கு நேரம் பார்ப்பதும் போனில்தான், எல்லாமே போனில்தான்.

சுன்னாகத்தான்:

காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை எடுத்துவிடாதீர்கள், அது 42, 43 பாகையோடு நின்றுவிடும். கதைக்கிறது லண்டனிலோ கனடாவிலோ சொந்தக்காரர் இருந்தால் அவர்களைக் கொண்டு வாங்குவதுதான் சுகம், ஆருக்குத்தான் அங்கே ஒரு சித்தப்பா இல்லை. இல்லாவிட்டால் புளூடூத்தில் போனோடு இணைகிற இறைச்சி வெப்பமானிகள் இருக்கின்றன, செயலியில் வருகிற இலக்கத்தை டோக்பேக், அதுதான் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற போன் வசதி, வாசிக்கும். வாங்க முதல், அந்தச் செயலியைத் தரவிறக்கிப் பொத்தான்களைச் சரியாக வாசிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சில செயலிகளில் "பொத்தான், பொத்தான்" என்பதைத் தவிர வேறொன்றும் வராது.

இலக்கம் மட்டும் காட்டுகிறதைப் போன் கமராவால் வாசிப்பது அரைகுறை வேலை. கோடு கோடாக வருகிற இலக்கத்தை எழுத்து வாசிக்கிற செயலிகள் பலநேரம் தவறவிடும், 71ஐயும் 11ஐயும் குழப்பினால் என்ன செய்வது. பீ மை ஐஸ் செயலியில் கண் தெரிந்த தொண்டர் ஒருவரை வீடியோவில் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லலாம், 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது, இலவசம். ஆனால் அடுப்பு எரிகிற நேரத்தில் சிக்னலை நம்பி நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை. அவசரத்துக்கு வைத்திருங்கள்.

எந்த வெப்பமானி என்றாலும் முதலில் சோதியுங்கள். ஒரு குவளை நிறைய ஐஸ் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதற்குள் ஊசியை விட்டால் 0 காட்டவேண்டும்.

கை விசயம். எனக்கு இடக்கை இறைச்சிக்கை, வலக்கை சுத்தக்கை. இறைச்சியோடு நிற்கும்வரை வலக்கை மட்டும்தான் உப்புப்பேணி, கரண்டி எல்லாம் தொடும். அதற்கு முதலே வேண்டிய உப்பு, மிளகு, நறுக்கின வெங்காயம், உள்ளி எல்லாவற்றையும் சின்னக் கிண்ணங்களில் எடுத்து வரிசையாக வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். இறைச்சி வேலை முழுவதும் விளிம்பு உயர்ந்த பெரிய தட்டத்துக்குள், வெட்டுப்பலகையும் அதற்குள்ளேயே. சிந்தினாலும் தட்டத்தோடு நிற்கும், எங்கே சிந்தியது என்று தேடித் தடவத் தேவையில்லை. இறைச்சிப் பலகையின் பிடியில் ரப்பர் வளையம் ஒன்று போட்டு வையுங்கள், மரக்கறிப் பலகையோடு மாறாது. போனை சிப் வைத்த பொலித்தீன் பைக்குள் போட்டுவிடுங்கள், பைக்கு மேலாலும் திரை வேலை செய்யும், பிறகு பையை எறியலாம். நேரத்தை வாயால் சொல்லி வைக்கப் பழகினால் அதுவும் வேண்டாம்.

முடிந்ததும் கை பட்டிருக்கலாம் என்று நினைக்கிற இடத்தை விட இரண்டு மடங்கு அகலமாகத் துடைப்பேன். முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு 1 லீற்றர் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி வெளிற்றும் திரவம் (பிளீச்), வாசனை சேர்க்காதது. குழாய்த் திருகை மறக்கவேண்டாம், அதைத்தான் எல்லாரும் முதலில் தொடுவது.

ஸ்காபரோ பெரியம்மா:

வெப்பமானியை நான் அனுப்புகிறேன் பிள்ளை, விலாசத்தைத் தனியாக எழுது, இங்கே போடாதே.

பர்கருக்கு வா. எல்லாம் ஒரே தடிப்பாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் வேகும், ஜாம் போத்தல் மூடிக்குள் பொலித்தீன் விரித்து அமத்தி எடு, ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். நடுவில் பெருவிரலால் ஒரு குழி, இல்லாவிட்டால் வேகும்போது நடு வீங்கிவிடும். தாச்சியில் ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் போடாதே, மணிக்கூட்டுக் கணக்கில் 12, 4, 8 என்று வை, அப்போது எது எங்கே என்று தேடவேண்டாம். மிதமான நெருப்பு, மூடி போட்டு, திருப்பி, மறுபடி மூடி.

சூடு பார்க்கும்போது தாச்சிக்குள் வைத்துக் குத்தாதே, ஊசி அடியில் பட்டால் தாச்சியின் சூட்டைத்தான் சொல்லும். தட்டையான கரண்டியால் ஒன்றை எடுத்து சுத்தமான கோப்பையில் வை, இடுக்கியால் மெல்லப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக, விளிம்பிலிருந்து நடுவரை ஊசியைச் செலுத்து. 71 சொன்னால் சரி. குறைவு என்றால் திரும்பத் தாச்சிக்கு, ஊசியையும் கோப்பையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த தரம். ஒன்று சரி என்றால் எல்லாம் சரி என்று விடாதே, ஒவ்வொன்றையும் பார். பச்சை இறைச்சி வைத்த தட்டத்தில் வெந்ததை வைக்கவே கூடாது.

உதிர்த்துப் பொரித்த இறைச்சியில் பார்க்க வேண்டும் என்றால் நடுவில் குவித்து, குவியலுக்குள் ஊசியை விடு.

வெப்பமானி வந்து சேரும்வரை பிள்ளைக்குப் பர்கர் வேண்டாம். தேசிக்காய் அளவில் உருண்டை பிடித்துக் கொதிக்கிற குழம்புக்குள் போட்டு, மூடி அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டுப் பாணோடு கொடு, அதற்கு ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

குருநகர் மருமகள்:

பெரியம்மா, கண் கலங்கிவிட்டது. தனியாக எழுதுகிறேன். உருண்டைக் குழம்பு ஞாயிற்றுக்கிழமை வைக்கப்போகிறேன், மகனிடம் "இது குழம்புப் பர்கர்" என்று சொல்லிவிட்டேன், முகத்தைச் சுளித்தானாம், மாமி சொன்னா.

மிஞ்சின ரோல்ஸ் கறியை எத்தனை நாள் வைக்கலாம்?

ஐந்துசந்திப் பொடியன்:

குளிர்ப்பெட்டியில் 3, 4 நாள், அக்கா. ஆறட்டும் என்று சட்டியோடு அடுப்பில் விடாதீர்கள், அகலமான பாத்திரத்தில் மெல்லிசாகப் பரப்பினால் கெதியில் ஆறும், பிறகு உள்ளே வைக்கலாம். திரும்பச் சூடாக்கும்போது 74 பாகை.

நத்தாருக்கு என்றால் இறைச்சியை முன்னரே சொல்லி வையுங்கள், கடைசி நாளில் கடையில் நிற்க இடமிருக்காது. மார்கழிப் போயா, அதுதான் பௌர்ணமி விடுமுறை, எந்தத் திகதியில் வருகிறது என்று கலண்டரில் ஆரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அன்றைக்கு இறைச்சிக்கடை பூட்டு.